ருவான் ஐயாவின் அஸ்தி

மார்ச் 4, திங்கள்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுத்த வரி வரவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் வரவில்லை.

காலையில் ஹுவோ தாவ்ரான் தொலைபேசியில் அழைத்தான். ருவான் ஐயாவின் முதலாண்டு நினைவுச் சடங்கு, சிங்மிங் அன்று, ஏப்ரல் ஐந்தாம் தேதி, எல்லாரும் கல்லறை துடைக்கப் போகிற நாளில். இடம் ஐயாவின் சொந்த ஊரான லியூதாங். அன்றைக்கே அங்கே நினைவு மண்டபமும் திறக்கிறார்கள். ஒரு வருடமாக ஹாங்சோ சுடுகாட்டின் அலமாரியில் இருக்கும் அஸ்தியைக் கொண்டுபோய் மண்டபத்தின் பின்முற்றத்தில், பளிங்கு மேடையில் வைக்கப்போகிறார்கள். நேரலை உண்டு. அகலக் கை அங்கி போட்ட மாணவர்கள் உண்டு. மேளம் உண்டு.

"பியான் அண்ணே, முறை சொல்ற வேலை உங்களுக்குத்தான். உங்க குரலை விட்டா வேற யாருக்கு இருக்கு?"

முறை சொல்வது என்றால் ஓரத்தில் நின்றுகொண்டு ‘மண்டியிடு’, ‘மது வார்’, ‘எழு’ என்று உரக்கச் சொல்வது. மண்டியிடப்போகிறவன் ஹுவோ. அழைப்பிதழில் அவன் தலைமைச் சீடன். சீடர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. இருக்க முடியாது. ஐயாவின் காலில் விழுந்து தேநீர்க் கிண்ணம் நீட்டியவன்தான் சீடன். மற்றவர்கள் அவரிடம் படித்தவர்கள். அதுதான் வழக்கம்.

முப்பது வருடம் படித்தேன்.

சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.


மார்ச் 5, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்திடம் வாயைத் திறப்பது வாயைத் திறப்பதாகுமா?


மார்ச் 8, வெள்ளி

மண்டபச் சுவருக்கு ஐயாவின் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். ஹுவோவுக்கு எழுத வராது. அவனுக்குப் பேசத்தான் வரும். எழுதி அனுப்பினேன். இன்று திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ருவான் பிங்சூ. லியூதாங்கில் பிறந்தார். பழைய சடங்கு நூல்களைப் படித்தார், அதிலும் சாவுச் சடங்குகளை. யார் யாருக்கு எத்தனை மாதம் துக்கம் காக்க வேண்டும், என்ன துணி, விளிம்பு மடிக்கலாமா கூடாதா. அவர் அதைப் படித்த காலத்தில் அதைவிடக் கேவலமான படிப்பு கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், பழையதை ஒழிக்கும் புரட்சி என்று கிளம்பிய மாணவர்களே அவர் குறிப்புகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். கழுத்தில் குற்றம் எழுதிய பலகை மாட்டி நிற்க வைத்தார்கள். பிறகு குடும்பத்தோடு லியூதாங்குக்கே அனுப்பி எருச் சுமக்க வைத்தார்கள். எழுபதில் அங்கே அவருடைய மனைவி இறந்தார். எழுபத்தெட்டில் திரும்ப வந்து, கொளுத்தியதையெல்லாம் நினைவிலிருந்து மறுபடி எழுதினார். எண்பத்தாறில் புத்தகமாக வந்தது. இன்று வரை அதைத் தாண்டி யாரும் எழுதவில்லை.

திரும்பி வந்த பிரதியில் பலகை இல்லை. எரு இல்லை. மனைவியும் இல்லை. "சொந்த ஊரில் சில காலம் மக்களோடு வாழ்ந்தார்" என்று ஒரு வரி இருந்தது.

மண்டப அலுவலகப் பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். "சார், குழந்தைங்கல்லாம் வந்து பார்க்கிற இடம். சோகம் வேண்டாம்னு மேல சொல்றாங்க."

சரி என்றேன். இந்த ஒரு வார்த்தையில் என் பாதி வாழ்க்கை போய்விட்டது.


மார்ச் 10, ஞாயிறு

காலைச் சாப்பாட்டில் யுவே கேட்டாள்:

"என்ன துணைப் பேராசிரியரே, கஞ்சியில முகம் தெரியுதா?"

என் மனைவி என்னைப் பதவி சொல்லிக் கூப்பிடுகிற நாள் நல்ல நாள் இல்லை. துணைப் பேராசிரியராகப் பதினேழு வருடம் இருக்கிறேன். அது அவளுக்குத் தெரியும். நான் மறந்துவிடக்கூடாது என்று நினைக்கிறாள் போல.

"ஹுவோ கூப்பிட்டான்."

"அவன் கூப்பிட்டா நீங்க போவீங்க. அதானே?"

"ஐயாவுக்காகப் போறேன்."

"ஐயா உங்களுக்காக எங்க போனாரு?"

முட்டைக்கோஸ் ஊறுகாயை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. எழுதியே வைக்கிறேன்.

எண்பத்தெட்டில் முதல்முறை ஐயாவின் அறைக்குப் போனேன். அந்த வருடம் அந்தப் பாடத்துக்கு வந்த ஒரே ஆள் நான். ஊரில் அப்பா சொல்லி அனுப்பியிருந்தபடி, கதவைத் தாண்டியதும் தரையில் விழுந்தேன். ஐயா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எழுந்திரு. கீழ என்ன விழுந்துச்சு? தேடித் தரவா?"

அவ்வளவுதான். அதன் பிறகு நான் விழவில்லை. அவருக்கு இந்தச் சீடன், குரு வேஷமெல்லாம் பிடிக்காது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபது வருடம் சொன்னேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஹுவோ வந்தான். தொலைக்காட்சியில் பழம்பண்பாடு பேசிப் பேர் வாங்கியிருந்தான். ஏரிக்கரை விடுதியில் மேடை போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து, மூன்று முறை தலை தரையில் படக் கும்பிட்டான். ஐயா கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். அவன் தலையில் கை வைத்தார். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

ஏன் வாங்கினார்? அதை நான் கேட்கவில்லை. பிறகு ஒன்பது வருடம் தினமும் பார்த்தேன். அப்போதும் கேட்கவில்லை.


மார்ச் 14, வியாழன்

துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். ஐயாவின் முழுத் தொகுப்பு வரப்போகிறதாம். முதன்மைப் பதிப்பாசிரியர் ஹுவோ. நான் மூலத்தைச் சரிபார்க்க வேண்டும். "உங்களைத் தவிர யாருக்கு அந்தக் கையெழுத்து புரியும்?" என்றார். புகழ்கிறாராம்.


மார்ச் 16, சனி

ஷுயுன் அக்கா வந்தார். ஐயாவின் மகள். பட்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஐயா எருச் சுமந்த காலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் போனவர். நம்மைப் போன்ற படித்த ஆட்களைக் கண்டால் அவருக்கு ஒரு சிரிப்பு வரும். இன்று அதுகூட இல்லை. ஒரு பை மூங்கில் குருத்தை அடுப்படியில் யுவேவிடம் கொடுத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அப்பாவை அந்த மண்டபத்துல வைக்கக்கூடாது."

அம்மாவின் கல்லறை லியூதாங்கில் தேயிலைச் சரிவில் இருக்கிறது. தானும் அங்கேதான் போக வேண்டும் என்று அப்பா சொன்னாராம். எப்போது? பல தடவை. யாரிடம்? இவரிடம்தான்.

"எழுதி வெச்சாரா?"

"சாவைப் பத்தி வாழ்க்கை பூரா எழுதினாரு. அவர் சாவைப் பத்தி ஒரு வரி எழுதலை. நான் என்ன பண்றது?"

மண்டபத்துக்குச் சம்மதம் கொடுத்தது அவருடைய அண்ணன் வென்போ. அவர் கனடாவில் இருக்கிறார். மூத்த மகன், தொலைபேசியில் சரி என்று சொல்லிவிட்டார். அக்கா ஹுவோவிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அவன் மரியாதையாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஐயாவின் புத்தகத்தைத் திறந்தே காட்டினானாம். கட்டிக் கொடுத்த மகளுக்குத் துக்கம் ஒரு படி குறைவு, துக்கத்துக்குத் தலைவன் மூத்த மகன், இது ஐயாவே எழுதியது என்று.

"அப்பா எழுதினதா அது?"

"பழைய நூல்ல இருக்கறதை விளக்கி எழுதியிருக்கார், அக்கா."

"அப்ப எழுதினதுதான்."

பிறகு அக்கா சொன்னார்: "இருபத்தி மூணாம் தேதி ஒத்திகைக் கூட்டம். மாவட்டத்துல இருந்து பெரிய ஆளுங்க வராங்க. நான் பேசினா பொம்பளை கத்துறான்னு சொல்வாங்க. நீ பேசினா கேட்பாங்க. நீ அவர்கிட்ட முப்பது வருஷம் இருந்தவன். எந்திரிச்சு சொல்லு. அது போதும்."

சொல்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு யுவே குருத்தை உரித்துக்கொண்டே கேட்டாள்: "சொல்வீங்களா?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

"அதான் கேட்டேன்."


மார்ச் 19, செவ்வாய்

மழை. வகுப்பில் ஆறு பேர். ஒரு பெண் மட்டும் விழித்திருந்தாள்.


மார்ச் 23, சனி. லியூதாங்

ஒத்திகை முடிந்தது. விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் பெரியது. தூண்களில் வண்ணம் இன்னும் காயவில்லை. பின்முற்றத்தில் பளிங்கு மேடை தயார். அதைச் சுற்றி மீன் தொட்டிகள். அகல அங்கி போட்ட பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டத் துணைத் தலைவர் லூ முன் வரிசையில். ஷுயுன் அக்கா கடைசி வரிசையில், ஆலையில் கொடுத்த பழைய நீலக் கோட்டோடு.

நான் ஓரத்தில் நின்று முறை சொன்னேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஹுவோ கறுப்பு அங்கியில் மெதுவாக நடந்து வந்து, ஒரு கையின் மேல் மறு கையை மூடி, நெற்றிக்கு உயர்த்தி வணங்கினான்.

இடக்கை மேலே.

நல்ல காரியத்துக்கு ஆண்கள் இடக்கையை மேலே வைப்போம். துக்கத்தில் வலக்கைதான் மேலே வர வேண்டும். முதலாண்டு வரை துக்கம்தான். ஐயாவின் புத்தகத்தில் இதற்கே ஒரு பகுதி இருக்கிறது. சாவு வீட்டில் நின்றுகொண்டு கல்யாண வாழ்த்துச் சொல்கிறான் தலைமைச் சீடன். உடம்பு முழுக்கச் சூடாகியது. ஒரு வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஏதோ தோன்றியது என்றால் அது அப்போதுதான்.

எல்லாம் முடிந்ததும் லூ எழுந்து நின்றார். "பேராசிரியர்கள், சீடர்கள் எல்லாரும் இருக்கீங்க. யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க. சிங்மிங் அன்னிக்கு எந்தக் குழப்பமும் வரக்கூடாது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன்.

முன்னால் போனேன். ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"ஹுவோ அவர்கள் வணங்கும்போது இடக்கையை மேலே வைத்தார். அது தவறு" என்று தொடங்கினேன். மூல நூலில் என்ன இருக்கிறது, உரைகாரர்கள் எங்கே மாறுபடுகிறார்கள், ஐயா எந்த முடிவுக்கு வந்தார், ஏன் வந்தார் — எல்லாம் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். மேற்கோள் ஒன்றும் பிசகவில்லை. பிள்ளைகள் தங்கள் கைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்.

ஹுவோ சிரித்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றான். "இப்படியா அண்ணே?" என்று வலக்கையை மேலே மாற்றி எனக்கு வணக்கம் வைத்தான். "பார்த்தீங்களா? எங்க ஐயா வளர்த்த ஆளுங்க இப்படித்தான். ஒரு மயிரிழை தப்பினாலும் விடமாட்டாங்க." எல்லாரும் கைதட்டினார்கள். லூவும் தட்டினார். "வேற ஒண்ணும் இல்லையே?" என்றார்.

ஒலிபெருக்கி என் கையில்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை. அப்படித்தான் இருந்தது. மறந்துபோனது என்று சொல்வதா? தெரியவில்லை. கொடுத்துவிட்டு வந்து நின்றேன்.

வாசலில் அக்கா எனக்காகக் காத்திருந்தார். குரல் உயரவே இல்லை.

"எங்கப்பா எலும்பைப் பத்திப் பேசுன்னு அனுப்பினேன். நீ அவன் கையைப் பத்திப் பேசிட்டு வர்ற."

"அக்கா —"

"இல்ல, நல்லாதான் பேசின. எனக்கே புரிஞ்சுது. வலது மேல, இடது கீழ."


மார்ச் 24, ஞாயிறு

காலையில் பேருந்து நிலையத்துக்குப் போகக் கிளம்பினேன். விடுதி வாசலில் அக்கா மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"வந்தது வந்துட்ட. அம்மாவையும் பார்த்துட்டுப் போ."

தேயிலைச் சரிவில் ஏறினோம். முதல் கொழுந்து பறிக்கும் பெண்கள் அக்காவைக் கூப்பிட்டு ஏதோ கிண்டல் செய்தார்கள். என்னைக் காட்டி "மாப்பிள்ளையா?" என்றாள் ஒருத்தி. "இந்த வயசுல எனக்குக் கிடைக்கிறது இப்படித்தான் இருக்கும்" என்றார் அக்கா. அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

புல் முளைத்த சிறிய மேடு. பெயர்க்கல் பிறகு வைத்தது. சுற்றி ஓரத்துக்கு ஆற்றுக் கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அவை பழையவை, பாதி மண்ணுக்குள் போய்விட்டன. நான் மூன்று முறை தலை குனிந்துவிட்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மேடு கற்களின் நடுவில் இல்லை. வலப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. இடப்பக்கம் பாதி இடம் வெறும் புல்.

"இந்தக் கல்லெல்லாம் எப்ப வெச்சது?"

"அன்னிக்கே. அம்மாவை வெச்ச அன்னிக்கே. அப்பாதான் ஆத்துல இருந்து சுமந்துட்டு வந்தாரு. நானும் கொஞ்சம் தூக்கினேன். எனக்குப் பன்னெண்டு வயசு."

புருஷன் பெண்டாட்டி ஒரே குழியில் கிடந்தால் இடப்பக்கம் ஆணுக்கு. இது படிக்காதவனுக்கும் தெரியும். ஆனால் அது எழுபதாம் வருடம். சவப்பெட்டி கிடையாது, நாணல் பாய்தான். வெள்ளைத் துணி கட்டக்கூடாது, அழுதால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டு விசாரிப்பார்கள். மறுநாள் காலையில் ஐயா எருச் சுமக்கப் போனாராம். துக்கச் சடங்கை எழுத்தெழுத்தாக அறிந்த மனிதர், தன் மனைவிக்கு அதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாத நாளில், குழியை மட்டும் ஒரு முழம் தள்ளி வெட்டியிருக்கிறார். கேட்டால் பாறை தட்டியது என்று சொல்லியிருப்பார்.

மண்வெட்டியால் களையைச் சுரண்டிக்கொண்டே அக்கா பேசினார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"இந்தச் சரிவு வழியா பெரிய ரோடு போட வந்தாங்களே, ரெண்டாயிரத்தி ஒன்பதுல. கல்லறையெல்லாம் காலி பண்ணுன்னு கோடு போட்டுட்டாங்க. அப்பா எத்தனை பேரைப் போய்ப் பார்த்தாரு தெரியுமா? ஒருத்தரும் மதிக்கலை. அப்பதான் இந்த ஹுவோ வந்தான். அவனுக்கு மாவட்டத்துல எல்லாரையும் தெரியும். நான் பேசுறேன் ஐயா, நீங்க என்னைச் சீடனா ஏத்துக்கணும்னான். ரோடு அந்தப் பக்கமாப் போச்சு பாரு."

கீழே, ஆற்றுக்கு அப்பால், சாலை வளைந்து போவது தெரிந்தது.

"அன்னிக்கு ஏரிக்கரை விடுதியில இருந்து வந்து அப்பா கையைக் கழுவிட்டே இருந்தாரு. அந்தப் பையன் தலையில எண்ணெய் ஜாஸ்தின்னாரு."

அன்று இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதை நினைத்துக்கொண்டேன். பத்து வருடம் ஒரு விஷயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இறக்கி வைத்தால் லேசாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஒன்றும் இல்லை. தூக்கியிருந்த இடம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். எழுபத்தெட்டில் ஹாங்சோவுக்குத் திரும்பியதும் ஐயா ஒரு துண்டு முரட்டுச் சணல் துணி வாங்கிவரச் சொன்னாராம். விளிம்பு மடித்து, மேல்சட்டைக்கு உள்பக்கம் நெஞ்சில் வைத்துத் தைத்துக் கொடுக்கச் சொன்னார். வெளியே தெரியாது. ஒரு வருடம் முழுக்க அந்தச் சட்டையைத்தான் போட்டார். கோடையிலும்.

"எதுக்குன்னு சொல்லலை. நானும் கேட்கலை. தோல் எல்லாம் தடிச்சுப் போச்சு."

மனைவிக்குக் கணவன் ஒரு வருடம் துக்கம் காக்க வேண்டும். காலம் கடந்துவிட்டால் பின்னால் எடுத்துக் காக்கலாமா? ஐயாவின் புத்தகத்தில் மிகப் பேர் பெற்ற பகுதி அதுதான். எல்லா உரைகளையும் அலசிவிட்டு முடிவு சொல்கிறார்: கூடாது. போன துக்கம் போனதுதான். அதன் அச்சுப்பிழையை நான் இரண்டு பதிப்புகளுக்குத் திருத்தியிருக்கிறேன்.

அதை எழுதிக்கொண்டிருந்த வருடத்தில் அவர் அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

அக்காவிடம் சொல்லவில்லை. இடப்பக்கத்துப் புல்லைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.


மார்ச் 26, செவ்வாய்

வகுப்பு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.


மார்ச் 29, வெள்ளி

ஹுவோவை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். இதற்கு முன் அவனை நான் எதற்கும் கூப்பிட்டதில்லை. வந்தான். ஏரி மீனும் அரிசி மதுவும் அவனே சொன்னான். சரிவு, கற்கள், இடப்பக்கம், சாலை எல்லாம் சொன்னேன். படத்தைக் காட்டினேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

அவன் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தான்.

"அண்ணே, நான் பொய் சொல்ல மாட்டேன். இது எனக்குத் தெரியாது."

"இப்ப தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சு? அந்த மலையில வெச்சா வருஷத்துக்கு யாரு போவா? அந்த அக்கா போவாங்க. அவங்களுக்கு அப்புறம்? மண்டபத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருவாங்க. இன்னும் நூறு வருஷம் அவர் பேரு இருக்கும். அவர் அந்த அக்காவுக்கு மட்டுமா சொந்தம்?"

"அவர் என்ன கேட்டார்ங்கறதுதான் விஷயம்."

"அவர் கேட்டதை யாரு அண்ணே கேட்டா? நீங்க கேட்டீங்களா?"

நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரோடு விஷயம் சொல்றீங்க. சரி, நான் கேட்டேன், அவர் கொடுத்தார். ஆனா என் தலையில கை வெச்சப்ப அந்தக் கை நடுங்குச்சு. வேஷத்துக்கு நடுங்குமா? எனக்கு அப்பா இல்ல, தெரியும்ல உங்களுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். தொலைக்காட்சியில் துடைப்பது மாதிரி இல்லை. எண்ணெய்த் தலை பற்றி நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது சொன்னான்: "நீங்க இதை வெளியில சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பியானுக்குப் பொறாமைம்பாங்க. முப்பது வருஷமா மேல ஏறாத ஆளு, சீடன் வரிசையில பேரு இல்லாத ஆளு, வயித்தெரிச்சல்ல கதை கட்டுறான்பாங்க. நான் சொல்ல மாட்டேன். ஊரு சொல்லும்." பிறகு தோளைத் தொட்டு, "முழுத் தொகுப்புல உங்க பேரையும் முதன்மைப் பதிப்பாசிரியர்னு போடச் சொல்றேன். என் பேருக்கு மேல. நியாயமா அது உங்களுதுதானே."

நியாயமாக அது என்னுடையதுதான்.


மார்ச் 31, ஞாயிறு

இரண்டு நாளாக எழுதினேன். நோட்டில் இல்லை, கணினியில். இணைய மன்றத்தில் போடுவதற்கு. மாவட்டத்துக்காரர்கள் எதற்கும் பயப்பட மாட்டார்கள், இணையத்தில் கூச்சல் கிளம்பினால் பயப்படுவார்கள். வென்போவுக்கும் கனடாவில் அது போய்ச் சேரும்.

யுவேவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள்.

"இதுல பாதி உங்க கதை."

"எங்க?"

"எண்பத்தெட்டுல நீங்க விழுந்தது. அந்த விடுதி. பதவி உயர்வு தராதது. ஹுவோ உச்சரிப்புத் தப்பு பண்றது. ருவான் ஐயா சம்சாரம் எட்டாம் பக்கத்துலதான் சாகறாங்க." கண்ணாடியைக் கழற்றினாள். "இதைப் படிக்கிறவன் பியான் யாருன்னு கேட்பான். அந்த ஐயாவை எங்க வைக்கணும்னு கேட்க மாட்டான்."

வாக்குவாதம் செய்தேன். கொஞ்சம் கத்தினேன்கூட. சூப் பொங்கி வழிந்தது.


ஏப்ரல் 2, செவ்வாய்

அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன், சணல் துணியைப் பற்றி எழுதலாமா என்று. அப்போதுதான் புத்தகத்தில் அவர் அப்பா கூடாது என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அதைக் குறைத்தார்.

"அப்ப ஆளுங்க என்ன சொல்வாங்க? ருவான் பிங்சூ சொன்னது ஒண்ணு செஞ்சது ஒண்ணும்பாங்களா?"

"சொல்வாங்க. அவர் புத்தகத்தோட மதிப்பே குறையும்னும் சொல்வாங்க."

"உனக்கு?"

"எனக்கு என்ன?"

"உனக்கு மதிப்பு குறையுதா?"

"இல்ல, அக்கா."

"அப்ப எழுது." பிறகு, "வர்றியா வெள்ளிக்கிழமை? பச்சை மாவு உருண்டை பண்றேன். எங்க வெச்சாலும் அவருக்குப் படைக்கணும்ல" என்றார்.

காலையிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் பதவி உயர்வு போனது. அது சுலபம். பிறகு ஹுவோவைப் பற்றிய கிண்டல்கள். அவன் சாலையைத் திருப்பியதை விட்டுவைத்தேன், அவன் செய்ததுதானே. பிறகு என் பெயர். பெயரை எடுத்தால் போதாது என்று பிறகு புரிந்தது. ‘அவரிடம் நீண்டகாலம் படித்த ஒருவர்’ என்று எழுதினால் அது யார் என்று துறையில் உள்ள பூனைக்கும் தெரியும். அந்த ஒருவரையும் எடுத்தேன். அவர் வெந்நீர்க் குடுவை சுமந்ததை எடுத்தேன். கையெழுத்துப் படித்துக் கொடுத்ததை எடுத்தேன். கடைசி வருடங்களில் தினமும் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்த ஆளை எடுத்தேன். எங்காவது ஓட்டை விழும், வாக்கியம் தொங்கும் என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

விழவில்லை. ஒரு மனிதர், அவருடைய மனைவி, ஒரு பாய், ஆற்றுக் கற்கள், ஒரு சட்டை, ஒரு கும்பிடு, இடப்பக்கத்துப் புல்லின் படம். மூன்று பக்கம் வந்திருக்கிறது. மறுபடி படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நான் இதுவரை எழுதியதில் இதுதான் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. யாரிடமும் சொல்ல முடியாது.

ஹுவோவுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். தொகுப்பு போய்விடும், சரிபார்க்கிற வேலையும்கூட. அவன் ஒருவனுக்குத் தெரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மன்றத்தில் பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். எழுதியவர் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கிறது. யுவே பின்னால் வந்து நின்று பார்த்தாள். தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பெயர் போடப்போவதில்லை. தேநீரைக் குடித்துவிட்டு அனுப்புகிறேன்.